அமெரிக்காவில் டி.யு.ஐ.: இரண்டு ஊதல், இரண்டு வழக்கு, பிறகு விசா

காருக்குப் பின்னால் சிவப்பும் நீலமுமாக விளக்கு சுழல ஆரம்பித்தால், ஊரில் செய்வதுபோல வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் போலீஸ்காரரை நோக்கி நடக்காதீர்கள். அமெரிக்காவில் அதை அவர் ஆபத்தாகவே எடுத்துக்கொள்வார். சீட்டிலேயே உட்கார்ந்திருங்கள். குடித்துவிட்டு ஓட்டிய வழக்கில் சிக்கும் நம்மவர்கள் இழப்பதில் பாதி, குடித்ததால் மட்டும் வருவதில்லை. இந்த நாட்டின் நடைமுறை தெரியாமல் அந்த இரவில் பேசியதாலும், அடுத்த பத்து நாள் பேசாமல் இருந்ததாலும் வருகிறது.

இந்தக் கட்டுரை படிப்புக்கோ வேலைக்கோ புதிதாக அமெரிக்கா வந்திருக்கும் தமிழர்களுக்கானது. குடித்துவிட்டு ஓட்டும் குற்றத்தின் பெயர் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் டி.யு.ஐ., டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் டி.டபிள்யு.ஐ., ஒஹையோவில் ஓ.வி.ஐ., மிச்சிகனில் ஓ.டபிள்யு.ஐ. சட்டமும் தண்டனையும்கூட அந்தந்த மாநிலத்துடையவை. ஆனால் எல்லா இடத்திலும் பொதுவான ஒன்றை முதலிலேயே மனதில் பதித்துக்கொள்ளுங்கள்: ஊதச் சொல்வது இரண்டு முறை, இரண்டும் வேறு. வழக்கும் இரண்டு, அவையும் வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் பலருக்கு லைசென்ஸ் போகிறது.

கிளம்பும் முன்: அளவுக் கணக்கு

இரத்தத்தில் ஆல்கஹால் 0.08 சதவீதம், அதாவது 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் இருந்தால், ஓட்டிய விதம் எப்படியிருந்தாலும் அதுவே குற்றம். யூட்டாவில் மட்டும் 2018 டிசம்பர் 30 முதல் வரம்பு 0.05. 21 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு 0.02 அல்லது அதற்கும் கீழே. லாரி, பஸ் போன்ற வணிக வாகனம் ஓட்டினால் 0.04.

இந்தியாவில் வரம்பு 30 மில்லிகிராம்தான். அதனால் இங்கே தாராளம் என்று தோன்றும். அது தவறு. 0.08-க்குக் கீழே இருந்தாலும், ஓட்டும் திறன் குறைந்திருந்தது என்று அதிகாரி காட்டினால் வழக்குப் போடலாம். நியூயார்க்கிலும் கொலராடோவிலும் 0.05-ஐத் தாண்டினாலே அதற்கென்று தனிக் குற்றப்பிரிவு இருக்கிறது.

இங்கே ‘ஒரு டிரிங்க்’ என்றால் 14 கிராம் சுத்த ஆல்கஹால்: 5 சதவீத பியர் 355 மில்லி, அல்லது 12 சதவீத ஒயின் 148 மில்லி, அல்லது 40 சதவீத விஸ்கி 44 மில்லி. கணக்கு பிசகுவது கோப்பையில்தான். 8 சதவீத ஐ.பி.ஏ. பியர் ஒரு பெரிய கேன் 473 மில்லி. அதில் ஏறக்குறைய 30 கிராம் இருக்கிறது. ‘ஒரே ஒரு பியர்’ என்று நினைத்துக் குடித்தது இரண்டு. நம் வீட்டு விருந்துகளில் ஊற்றும் லார்ஜ் பெக், 60 மில்லி என்று சரியாக அளந்தே ஊற்றினாலும், 42.8 சதவீத விஸ்கியில் 20 கிராம், அதாவது ஒன்றரை டிரிங்க். அளக்காமல் ஊற்றும் நண்பர் பக்கத்தில் இருந்தால் எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்லை.

ஏறியது இறங்கும் வேகம் சராசரியாக மணிக்கு 0.015. காபி, மோர், எலுமிச்சைச் சாறு, குளிர்ந்த நீரில் குளியல் எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. நள்ளிரவில் 0.18 இருந்தவருக்குக் காலை ஆறு மணிக்கு இன்னும் 0.09 இருக்கும். தூங்கி எழுந்து, பல் துலக்கி, தெளிவாக இருப்பதாக நினைத்து அலுவலகம் கிளம்புகிறவரும் சட்டப்படி குடித்து ஓட்டுகிறவர்தான். அந்த நேரத்தில் தெருவைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் அவரால் அதே ஆபத்து.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றுதான். குடிக்கப் போகிறோம் என்றால் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாடகைக் காரில் போங்கள். திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று காரை எடுத்துப் போனால், அந்த முடிவைக் குடித்த மூளையிடம் விடுகிறீர்கள். ‘இருப்பவர்களில் குறைவாகக் குடித்தவர்’ ஓட்டுநர் ஆகமாட்டார். காரிலேயே படுத்துத் தூங்கிவிடலாம் என்பதும் பாதுகாப்பல்ல. ஓட்டுநர் சீட்டில், சாவி கையெட்டும் தூரத்தில் இருந்தால், வண்டி நகராவிட்டாலும் ‘வண்டி உன் கட்டுப்பாட்டில் இருந்தது’ என்று பல மாநிலங்களில் கைது செய்யலாம். ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

நிறுத்தச் சொன்னால்

இண்டிகேட்டர் போட்டு, வலதுபுறம் பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். எஞ்சினை அணைத்து, இரவென்றால் உள்விளக்கைப் போட்டு, கண்ணாடியை இறக்கி, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வையுங்கள். லைசென்ஸ், வண்டிப் பதிவு, இன்ஷூரன்ஸ் மூன்றையும் கேட்பார். டேஷ்போர்டு அறைக்குள் இருந்தால், ‘அங்கே இருக்கிறது, எடுக்கட்டுமா?’ என்று சொல்லிவிட்டு எடுங்கள். பணம் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கனவிலும் வேண்டாம். சாடையாகச் சொன்னால்கூட அது லஞ்சம் கொடுக்க முயன்ற குற்றம், பல இடங்களில் குடித்து ஓட்டியதைவிடப் பெரிய வழக்கு. அதிகாரியின் சட்டையிலும் வண்டியிலும் உள்ள கேமராக்களில் எல்லாம் பதிவாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் காரணமும் இல்லாமல் எல்லா வண்டியையும் நிறுத்திச் சோதிக்கும் செக்பாயின்டும் உண்டு. 1990-இல் மிச்சிகன் மாநிலத்திலிருந்து போன வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை அனுமதித்தது. ஆனால் அதே மிச்சிகனின் உச்ச நீதிமன்றம் தன் மாநில அரசமைப்புப்படி கூடாது என்று 1993-இல் சொல்லிவிட்டது. டெக்சாஸிலும் இல்லை, கலிஃபோர்னியாவில் உண்டு. மாநிலம் தாண்டினால் சட்டம் மாறும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை.

அடுத்து வரும் கேள்வி: ‘குடித்திருக்கிறீர்களா? எவ்வளவு?’ சாலையோரத்தில், கைதுக்கு முன் கேட்கும் கேள்விக்கு மிராண்டா எச்சரிக்கை (‘பேசாமல் இருக்கலாம், வக்கீலைக் கேட்கலாம்’ என்று போலீஸ் சொல்லும் வாசகம்) சொல்ல வேண்டியதில்லை என்று 1984-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் சொல்வது அப்படியே சாட்சியமாகும். ‘ரெண்டு பியர்தான் சார்’ என்று பணிவாகச் சொல்வது நம் பழக்கம். அதிகாரியின் அறிக்கையில் அது ‘குடித்ததை ஒப்புக்கொண்டார்’ என்று போய் உட்காரும். பொய்யும் சொல்லாதீர்கள். பெயரையும் ஆவணங்களையும் கொடுத்துவிட்டு, ‘இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல விரும்பவில்லை’ என்று மரியாதையாகச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. குரலை உயர்த்த வேண்டாம். இறங்கச் சொன்னால் இறங்குங்கள், அதை மறுக்க முடியாது.

சாலையோர மூன்று சோதனைகள்

அதிகாரி செய்யச் சொல்லும் சோதனைகள் அவர் மனம்போன போக்கில் வருபவை அல்ல. 1970-களின் நடுவில் தொடங்கிய ஆய்வுகளிலிருந்து மத்திய நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் மூன்றைத் தேர்ந்து தரப்படுத்தியது. ஒவ்வொன்றிலும் குடித்திருப்பதைக் காட்டும் ‘தடயங்கள்’ எண்ணிக்கையோடு உண்டு.

முதலாவது கண். முகத்திலிருந்து 30 முதல் 38 சென்டிமீட்டர் தள்ளி, கண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு பேனாவைப் பிடித்து, தலையை அசைக்காமல் கண்ணால் பின்தொடரச் சொல்வார். ஆல்கஹால் கண்விழியின் சீரான ஓட்டத்தைக் கெடுத்து, ஓரத்துக்குப் போனதும் விழியைத் துடிக்கவைக்கும். ஒரு கண்ணுக்கு மூன்று தடயம், மொத்தம் ஆறு. நான்கு தெரிந்தால் கணக்கில் நீங்கள் தோற்றீர்கள். இதை மனவுறுதியால் அடக்க முடியாது.

இரண்டாவது நடை. நேர்கோட்டில் குதிகாலும் விரலும் ஒட்ட ஒன்பது காலடி, திரும்பி, மறுபடி ஒன்பது காலடி. எட்டுத் தடயங்களில் இரண்டு போதும். நம்மவர்கள் இதில் குடிக்காமலேயே தடுக்கி விழும் இடம் நடையில் இல்லை, அதற்கு முன்பு விதிமுறை சொல்லும் நேரத்தில் இருக்கிறது. ஒரு காலை இன்னொன்றின் முன் வைத்து அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு அவர் விளக்குவார். வேகமான அமெரிக்க உச்சரிப்பில், அவரே நடந்து காட்டும்போது, கூடவே நடக்கத் தொடங்கினால் ‘சொல்வதற்கு முன் ஆரம்பித்தார்’ என்று ஒரு தடயம். சமநிலை தவறிக் காலை எடுத்தால் இன்னொன்று. அதோடு இரண்டு ஆகிவிட்டது. திரும்பும்போதும் முன்காலைக் கோட்டிலேயே வைத்து, மற்றக் காலால் சின்னச் சின்ன அடியாகத் திரும்ப வேண்டும். அணிவகுப்பில் திரும்புவதுபோல ஒரே வீச்சில் திரும்பினால் அது தவறான திருப்பம். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் தலையை இருபுறமும் ஆட்டாதீர்கள். நம் ‘சரி’ அவருக்கு ‘இல்லை’ போலவோ தள்ளாட்டம் போலவோ தெரியும். வாயால் சொல்லுங்கள். புரியவில்லை என்றால் அதையும் வாயால் சொல்லுங்கள், கேமராவில் பதிவாகட்டும்.

மூன்றாவது, ஒரு காலைத் தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் தூக்கி 30 வினாடி நிற்பது. ஆட்டம், கைவீச்சு, குதிப்பு, காலை ஊன்றுவது என நான்கு தடயம், இரண்டு போதும்.

1981-இல் வெளிவந்த ஆய்வறிக்கையின்படி கண் சோதனை 77 சதவீதம், நடை 68, ஒற்றைக்கால் 65 சதவீதம் சரியாக வகைப்படுத்தியது. அதாவது தவறவும் செய்யும். 65 வயதைத் தாண்டியவர், அதிக உடல் எடை உள்ளவர், முதுகு, முழங்கால், உள்காதுப் பிரச்சினை உள்ளவர் ஆகியோர் குடிக்காமலேயே தடுமாறலாம் என்பது அதிகாரிகளின் பயிற்சிப் பாடத்திலேயே இருக்கிறது. அப்படி ஏதாவது இருந்தால் சோதனைக்கு முன்பே சொல்லுங்கள். ஹீல்ஸோ ரப்பர் செருப்போ போட்டிருந்தால் கழற்ற அனுமதி கேளுங்கள். பெரும்பாலான மாநிலங்களில் இந்த மூன்றும் கட்டாயமல்ல, மறுத்தால் அதற்காக லைசென்ஸ் போகாது. ஆனால் மறுத்ததை நீதிமன்றத்தில் சொல்லிக்காட்டலாம், கைதையும் அது தடுக்காது.

முதல் ஊதல், இரண்டாம் ஊதல்

கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இது.

சாலையோரத்தில் கையடக்கக் கருவியில் ஊதச் சொல்வது முதல் ஊதல். கைது செய்யக் காரணம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அது. கலிஃபோர்னியாவில் 21 வயது நிரம்பி, முந்தைய டி.யு.ஐ. கண்காணிப்பில் இல்லாதவர் இதை மறுக்கலாம். மிச்சிகன் போன்ற இடங்களில் மறுத்தால் சின்ன அபராதம்.

கைதுக்குப் பிறகு, நிலையத்தில் அகச்சிவப்புக் கதிரால் அளக்கும் பெரிய கருவியில் ஊதுவதோ இரத்தம் கொடுப்பதோ இரண்டாம் சோதனை. இதை மறுத்தால்தான் பெரிய அடி. இந்த மாநிலச் சாலையில் வண்டி ஓட்டியதாலேயே நீங்கள் இதற்கு முன்கூட்டிச் சம்மதித்துவிட்டதாகச் சட்டம் கருதுகிறது. முதல் முறை மாட்டியவருக்குக் கலிஃபோர்னியாவில் 0.08-ஐத் தாண்டினால் நான்கு மாதம் லைசென்ஸ் முடக்கம், மறுத்தால் ஓராண்டு. டெக்சாஸில் 90 நாள், மறுத்தால் 180 நாள். வழக்கில் ஜெயித்தாலும் மறுப்புக்கான முடக்கம் தனியாக நிற்கலாம். ‘முதலில் மறுக்கலாம் என்று படித்தேனே’ என்று இரண்டாவதையும் மறுத்துவிடுகிறவர்கள் இங்கேதான் சிக்குகிறார்கள். பல மாநிலங்களில் இந்த முடிவுக்கு முன் வக்கீலைக் கேட்கும் உரிமையும் இல்லை. ‘வக்கீல் வரட்டும், பிறகு ஊதுகிறேன்’ என்பதே மறுப்பாகப் பதிவாகும்.

இரத்தம் வேறு. கைதுக்குப் பின் மூச்சை வாரண்ட் இல்லாமல் கேட்கலாம், இரத்தத்துக்குப் பொதுவாக வாரண்ட் வேண்டும், வாரண்ட் இல்லாத இரத்தச் சோதனையை மறுத்ததையே கிரிமினல் குற்றமாக்க முடியாது என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நடைமுறையில் அதிகாரி நீதிபதியை ஃபோனில் பிடித்து அந்த இரவிலேயே வாரண்ட் வாங்கிவிடுவார். வாரண்ட் வந்தபிறகு எதிர்க்காதீர்கள்.

கருவி எங்கே பிசகும்? மூச்சிலிருந்து இரத்த அளவைக் கணக்கிட 2100-க்கு 1 என்ற விகிதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நுரையீரலின் ஆழத்திலிருந்து வரும் காற்றுக்குத்தான் அது பொருந்தும். வாயிலேயே ஆல்கஹால் தங்கியிருந்தால் எண் எகிறும். அப்போதுதான் வாய் கொப்பளித்த மவுத்வாஷ், ஹோமியோபதித் துளி, ஏப்பம், வாந்தி எல்லாம் இதைச் செய்யும். அதனால்தான் ஊதுமுன் பல மாநிலங்களில் 15 நிமிடம், சிலவற்றில் 20 நிமிடம் உங்களைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்ற விதி. அந்த நேரத்தில் ஏப்பம் வந்தால் சொல்லுங்கள், கடிகாரத்தை மறுபடி தொடங்க வேண்டும். வழக்கமாக இரண்டு முறை ஊதி, இரண்டு எண்ணும் 0.02-க்குள் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். புதினா மிட்டாய், கிராம்பு, வாயில் நாணயம் எதுவும் ஆழ்மூச்சை மாற்றாது. வேண்டுமென்றே அரைமூச்சு ஊதினால் அதுவும் மறுப்புதான். ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

கைதான இரவு

கைவிலங்கு போடுவார்கள். வண்டியை இழுத்துப் போவார்கள். கைரேகையும் படமும் எடுப்பார்கள். அந்தக் கைரேகை மத்திய அரசின் குடியேற்றத் துறைக்கும் போய்ச் சேரும். போதை தெளியும்வரை வைத்திருந்து, ஜாமீனிலோ சொந்த உறுதிமொழியிலோ விடுவார்கள்.

‘மிராண்டா வாசகம் சொல்லவில்லை, கேஸ் நிற்காது’ என்று நண்பர்கள் சொல்வது தவறு. காவலில் வைத்து விசாரித்து வாங்கிய பதில்களைத்தான் அது விலக்கும், ஊதிய எண்ணை அல்ல. பேசாமல் இருந்தால் மட்டும் போதாது. ‘நான் பேச விரும்பவில்லை, எனக்கு வக்கீல் வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சிறை ஃபோன் பதிவாகும், தமிழில் பேசினாலும் மொழிபெயர்ப்பார்கள். வீட்டுக்குப் பேசும்போது எங்கே இருக்கிறேன், யாரைக் கூப்பிட வேண்டும் என்பதோடு நிறுத்துங்கள்.

வெளிநாட்டவர் என்றால் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும் உரிமை 1963 வியன்னா ஒப்பந்தப்படி உண்டு. இந்தியா, இலங்கைக் குடிமக்கள் கேட்டால்தான் சொல்வார்கள். மலேசியா, சிங்கப்பூர்க் குடிமக்கள் என்றால் கேட்காவிட்டாலும் சொல்லியாக வேண்டும்.

வீடு வந்ததும், தூங்குவதற்கு முன், நினைவிருப்பதை எழுதுங்கள்: எங்கே, எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டீர்கள், குடித்தீர்கள், எப்போது நிறுத்தினார், எப்போது ஊதினீர்கள், இடையில் அதிகாரி உங்களை விட்டு அகன்றாரா. மேலே ‘என் வக்கீலுக்கு’ என்று எழுதி வையுங்கள். வேறு யாருக்கும், வாட்ஸ்அப் குழுவுக்கும், அனுப்பாதீர்கள்.

இரண்டு வழக்கு

ஒன்று கிரிமினல் கோர்ட்டில் நடக்கும். தேதியை அவர்களே தருவார்கள். இன்னொன்று லைசென்ஸ் துறையில் நடக்கும். அதற்கு நீங்கள்தான் கேட்க வேண்டும், அதுவும் கெடுவுக்குள். கலிஃபோர்னியாவிலும் ஃப்ளோரிடாவிலும் கைதிலிருந்து 10 நாள். டெக்சாஸில் முடக்க அறிவிப்பு கைக்கு வந்ததிலிருந்து 15 நாள். அதிகாரி பிளாஸ்டிக் லைசென்ஸை வாங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுத்திருப்பார். அதுதான் தற்காலிக லைசென்ஸ், அதிலேயேதான் இந்தக் கெடுவும் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்காமல் அலமாரியில் வைத்துவிட்டுக் கோர்ட் தேதிக்குக் காத்திருந்தால் பதினோராம் நாள் விசாரணை உரிமை போய்விடும். கோர்ட்டில் வழக்கே தள்ளுபடியானாலும் லைசென்ஸ் துறை முடக்கம் தானாக நீங்காது.

வக்கீலை அமர்த்தும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி கட்டணம் அல்ல. ‘லைசென்ஸ் விசாரணையையும் நீங்களே பார்ப்பீர்களா?’ என்பது முதல் கேள்வி. ‘என் விசாவை என்ன செய்யும்?’ என்பது இரண்டாவது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடுகடத்தும் ஆபத்து உண்டா என்று சொல்வது கிரிமினல் வக்கீலின் கடமை என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வசதியில்லை என்றால் அரசுச் செலவில் உங்களுக்காக வாதாடும் வக்கீலைக் கேளுங்கள், ஆனால் பல இடங்களில் அவர் லைசென்ஸ் விசாரணைக்கு வரமாட்டார்.

காரில் குழந்தை இருந்தால் எல்லாம் கடுமையாகும். நியூயார்க்கில் 16 வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை வண்டியில் இருந்தால் முதல் தடவையே பெருங்குற்றம்.

விசா

2015 முதல், டி.யு.ஐ.-யில் கைதானாலே, தீர்ப்புக்குக் காத்திராமல், தூதரகம் விசாவை ரத்து செய்யலாம். தகவல் பெரும்பாலும் மின்னஞ்சலில்தான் வரும். டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை ஊரில் ஏஜென்ட் நிரப்பியிருந்தால் அவருடைய முகவரிக்குப் போயிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ரத்தாவது பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை. பொதுவாக உங்கள் ஐ-94, அதாவது நாட்டுக்குள் வந்தபோது தரப்பட்ட தங்கும் அனுமதிப் பதிவு, செல்லுபடியாகும்வரை இங்கே இருந்து படிக்கவோ வேலை செய்யவோ முடியும். ஆனால் அக்கா கல்யாணத்துக்கு ஊருக்குப் போனால் புதிய விசா இல்லாமல் திரும்ப முடியாது. அந்த விசாவுக்குத் தூதரகம் குறிக்கும் மருத்துவரின் பரிசோதனை வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன் குடியேற்ற வக்கீலிடம் பேசுங்கள்.

ஒரு சாதாரண டி.யு.ஐ. மட்டும் பொதுவாக நாடுகடத்தக் காரணமாகாது. இரண்டு தண்டனை இருந்தால் ‘நன்னடத்தை இல்லை’ என்ற அனுமானத்தோடுதான் பார்ப்பார்கள், இது 2019 தீர்ப்பு. கஞ்சா கலந்திருந்தால் கதையே வேறு. மாநிலத்தில் அனுமதி இருந்தாலும் மத்தியச் சட்டத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள், குடியேற்றம் மத்திய அரசின் கையில்.

படிவத்தில் ‘கைதானது உண்டா?’ என்று கேட்டால் ஆம் என்றே எழுதுங்கள். வழக்குத் தள்ளுபடியானாலும், பதிவை மூடி முத்திரை வைத்துவிட்டார்கள் என்று வக்கீல் சொன்னாலும், குடியுரிமை விண்ணப்பம்வரை இந்தக் கேள்வி வரும், கைரேகை அவர்களிடம் இருக்கிறது. கைதை மறைத்தது கைதைவிடப் பெரிய குற்றமாகிவிடும். வழக்கு முடிந்த வாரமே கோர்ட் கிளார்க்கிடம் தீர்ப்பின் சான்றளித்த நகல் நான்கைந்து வாங்கி, பாஸ்போர்ட் வைக்கும் இடத்திலேயே வையுங்கள். பழைய கோப்புகளைச் சில கோர்ட்டுகள் அழித்துவிடும். பத்து வருடம் கழித்துக் கிரீன் கார்டு நேர்காணலில் அதிகாரி கேட்பது அந்தத் தாளைத்தான்.